பிளம்ஸ் வைனும் நான் சொன்ன பதிலும்

இன்று காலை மீன் வாங்கப் போன இடத்தில் பச்சைப் பிளம்ஸைக் கண்டேன். கொரியர்களின் கடை. வாசலிலேயே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஜூன் மாதத்தில் இரண்டு மூன்று கிழமை மட்டும் வந்து போகிற காய். பார்க்காத மாதிரிப் போய்விடத்தான் நினைத்தேன், மணம் விடவில்லை. கல்லுப் போல இருக்கிற அந்தக் காய்க்குள் இருந்து அப்படியொரு பழவாசம் எப்படித்தான் வருகிறதோ. பின்னால் நின்ற மனுசன் இரண்டு தரம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வழிவிட்டேன். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நீர் உயிரோடு இருக்கும்போது உமக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காயை முதன்முதலில் கண்டது கனடா வந்த பிறகு மிசிசாகாவில், வேலை செய்த யப்பான் சாப்பாட்டுக் கடையின் குசினியில். முதலாளியின் மனைவி யப்பானில் வகாயமா என்ற ஊர்ப் பக்கத்துக்காரி. நான் கேட்காமல் கொள்ளாமல் ஒரு காயைக் கடித்துவிட்டேன். அந்த மனுசி ஓடிவந்து என் வாய்க்குள் விரலை விட்டுத் துப்பவைக்க, நீர் அரிசி மூட்டையில் சாய்ந்து நின்று சிரித்தீர். பச்சையாகத் தின்னக் கூடாதாம். அவருடைய ஊரில் மலையெல்லாம் இந்த மரம்தானாம். பெயர் உமே. பாதியை உப்பில் போட்டு வெயிலில் காயவைப்பார்களாம், மீதியை மதுவில் ஊறப்போடுவார்களாம். ஜூன் மாதத்தில் போத்தல் கழுவாத வீடே அங்கே இல்லையாம். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் நீர் என் பக்கம் திரும்பினீர்.

"எங்களுக்குப் பனை எப்பிடியோ, இவைக்கு இது. விளங்குதோ?"

அந்த வருடமே ஸ்காபரோவில் உம்முடைய அப்பார்ட்மென்ற் குசினியில் ஊறப்போடத் தொடங்கினீர். நான் துணை. ஒவ்வொரு காயாகக் கழுவி, துணியால் ஈரம் ஒற்றி, காம்படியில் இருக்கிற கறுப்புப் பொட்டைப் பல்லுக்குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும். ஒரு பொட்டு விட்டாலும் கைக்கும் என்று என்னைத் திரும்ப எடுக்க வைப்பீர். பிறகு கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு அடுக்குக் காய், ஒரு அடுக்குக் கற்கண்டு. யப்பான்காரரும் கற்கண்டுதான் போடுகிறார்கள் என்பதில் உமக்கு என்னவோ பெரிய பெருமை. கடைசியில் மேலாலே வொட்கா. அதை மூடி அலுமாரிக்குள் வைத்தால் அடுத்த ஜூன் வரையும் தொடக் கூடாது.

வொட்கா வாங்குவதில்தான் எங்களுக்குள் கொழுவல். தமிழர் கண்டுவிடாத மாதிரி மிசிசாகாவில் வாங்கிக்கொண்டு வருவோம் என்றேன் நான். "நான் என்ன களவோ எடுக்கிறன்?" என்று கேட்டுவிட்டு, ஸ்காபரோவில், எங்கள் ஆட்கள் நிறைந்த பிளாசாவில் இருக்கிற மதுக்கடைக்குள் நீர் நேரே போனீர். நான் பிளம்ஸ் பையோடு பஸ் தரிப்பில் நின்றேன். உம்மைத் தெரியாதவள் மாதிரித்தான் நின்றேன்.

ஆனால் குடிக்கிற நேரம் நான் பின்நிற்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம், உம்முடைய பல்கனியில், ஐஸ் போட்ட சின்னக் கிளாஸ்களில். "ஒரு மிடறு குடியும், செத்துப்போக மாட்டீர்." தேன் நிறம், இனிப்பும் புளிப்புமாகத் தொண்டையில் ஒரு சின்னச் சூடு. உண்மையைச் சொன்னால் உம்மைவிட நான்தான் கூடக் குடித்தேன். இரண்டாவது கிளாஸை நானாகவே வார்த்தேன். உம்மைப் பற்றிச் சனம் குசுகுசுக்கத் தொடங்கியபோது நீர் அசையவே இல்லை. "ஆம்பிளையள் கராஜுக்குள்ள விஸ்கியோட இருந்தா அது பார்ட்டி. நான் பிளம்ஸ் ஊறப்போட்டா இவைக்கு என்ன நோகுது?" என்று சொல்லிச் சிரித்தீர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு உம்முடைய மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெடியன் நல்லவன் என்று மகளுக்கும் விருப்பம். பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், எனக்கு அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நான் மாப்பிள்ளையின்ர மாமி கதைக்கிறன். பிள்ளையைப் பற்றி விசாரிக்கத்தான் எடுத்தனான்."

பிள்ளையைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னேன். மனுசி கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு மெல்லக் குரலைத் தாழ்த்தினா.

"தாயைப் பற்றி ஒரு கதை கேள்விப்பட்டனாங்கள். வீட்டில போத்தல் போத்தலா வைச்சுக் குடிக்கிறவவாம். உண்மையோ?"

அந்த நேரம் என் குளிர்சாதனப் பெட்டிக்குள் உம்முடைய போத்தல் பாதி நிறைந்தபடி இருந்தது. "வருசத்துக்கு ஒருக்கா பிளம்ஸ் ஊறப்போடுறவ, நானும்தான் இருந்து குடிக்கிறனான்" என்று ஒரு வசனம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் என் இரண்டு மகள்மாரும் கலியாணத்துக்கு நின்றார்கள். நாளைக்கு இதே மனுசி என்னைப் பற்றியும் நாலு இடத்தில் சொல்லுவா என்று பயந்தேன்.

"எனக்கு அவவோட அவ்வளவு பழக்கமில்லை. வேலையிடத்தில காணுறதுதான்."

எங்கள் விசாரிப்பு எப்படியென்று உமக்குத் தெரியும். ஒருவரும் வாய்திறந்து குறை சொல்வதில்லை. நல்லதென்றால் அள்ளி வைப்பார்கள், கூடாதென்றால் தெரியாது என்பார்கள். 'அவ்வளவு பழக்கமில்லை' என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அது தெரிந்துதான் சொன்னேன். தெரியாமல் வாய் தவறிச் சொன்னேன் என்று உமக்கே பொய் எழுத மாட்டேன்.

மனுசி திருப்பிக் கேட்டா.

"பழக்கமில்லையோ? உங்கட நம்பரைத் தந்ததே அவதானே. தன்னைப் பற்றி உங்களிட்டக் கேட்டாப் போதும் எண்டு சொன்னவ." பிறகு, "சரி தங்கச்சி, விளங்குது" என்று வைத்துவிட்டா.

அந்த நம்பர் என் போனில் இருந்தது. திருப்பி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து முள்ளங்கி சீவிக்கொண்டு நிற்கும்போது, "அது சரிவரேல்லை" என்று மட்டும் சொன்னீர். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீரும் சொல்லவில்லை. அடுத்த ஜூனில் வழமைபோல எனக்கென்று ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தீர். நானும் வாங்கிக் குடித்தேன். எனக்குத் தொண்டையில் சிக்கியது என்று எழுத ஆசைதான். சிக்கவில்லை, அது எப்போதும் போல நல்லாகத்தான் இருந்தது. அதை நினைக்க இன்னும் கூசுகிறது.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமி மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். அவர் வேறு நாட்டவர், விசாரிப்பு என்றால் என்னவென்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது. நீர் போனபோது, செத்தவீட்டில் என்னைத்தான் நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். "என்னுடைய உயிர்ச் சிநேகிதி" என்று மைக்கில் சொன்னேன், பழக்கமில்லை என்று சொன்ன அதே வாயால். சனம் அழுதது. நானும் அழுதேன்.

போன மாதம் உம்முடைய ஆண்டுப் பூசை முடிந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவள் தன் பிள்ளையின் சப்பாத்தைக் கட்டியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"இற்ஸ் ஓகே அன்ரி. அண்டைக்கு அழுதனான்தான். ஆனா அந்தச் சம்பந்தம் குழம்பிப் போகாட்டி என்ர மனுசனைக் கண்டிருக்க மாட்டன்."

எனக்கு மூச்சு வந்தது. கதை அத்தோடு முடிந்தது என்று எழும்பப் போனேன்.

"அம்மாதான் பாவம்" என்றாள். "இவரின்ர ஆக்கள் கலியாணம் பேச வந்து, ஆரிட்ட விசாரிக்கலாம் எண்டு நம்பர் கேட்டவை. நான் உங்கட நம்பரைச் சொல்லப் போக அம்மா கையைப் பிடிச்சவ. 'எங்களைத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச ஒருத்தரும் இல்லை, நீங்களே வீட்ட வந்து பாருங்கோ' எண்டு சொன்னவ. ஏன் அப்பிடிச் சொன்னவ எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

அந்த 'ஒருத்தரும் இல்லை' என்ற சொல்லைத்தான் நான் இப்போது எங்கே போனாலும் கொண்டு திரிகிறேன். பதினாறு வருடம் உம்மோடு ஒரே மேசையில் நின்று மரக்கறி வெட்டியவள் நான். நீர் சொன்னது பொய்யில்லை.