பாதி விலைச் செடியும் மஞ்சள் சுவரும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கடவுளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லா இருக்கேன்மா என்று நீ போனில் சொல்வதை அப்பா நம்பிவிடுவார், எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முன்பெல்லாம் கூப்பிட்ட உடனே எடுப்பாய், இப்போது எடுப்பதே குறைந்துவிட்டது. கடைசியாக முகம் பார்த்துப் பேசியபோது உன் பின்னால் மஞ்சள் சுவர் தெரிந்தது, உன் அறைச் சுவர் வெள்ளை. நான் வாயைத் திறப்பதற்குள் நெட் சரியில்லை என்று வைத்துவிட்டாய். அது கிடக்கட்டும், உன் அப்பா செய்த வேலையைக் கேள்.

அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மனிதருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று உனக்குத் தெரியுமே. பால் வாங்கப் போனவர் பாலை மறந்துவிட்டு ஒரு செடியோடு வந்து நின்றார். வேலிக்கு வைப்பார்களே பொடி இலைப் புதர், அதுதான். நர்சரிக்காரன் பாதி விலைக்குக் கொடுத்தானாம். நல்ல சரக்கை எவன் பாதி விலைக்குத் தருவான், வேரில பூச்சி இருக்கும் பாருங்க என்றேன். நீ இலையைப் பாக்குற, நான் அடிமரத்தைப் பாக்குறேன், என்னா தடிமன் பாரு, இதைப் போன்சாய் ஆக்கிக் காட்டுறேன், தொட்டிக்குள்ள குட்டி ஆலமரம் மாதிரி நிக்கும் என்றார். ஒரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றி அறியாதவர். பையைக் கிழித்தால் உள்ளே வேர் சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருந்தது. என் முள்கரண்டியை எடுத்துத் தலைக்குச் சிக்கெடுப்பது போல வாரி, பாதி வேரை நறுக்கிப் போட்டார், மேலே கிளையிலும் முக்கால்வாசி போயிற்று. மிச்சத்தைத் தட்டையான தொட்டியில் வைத்து, அடி ஓட்டை வழியாகக் கம்பி விட்டுக் கட்டி, கிளைக்கெல்லாம் கம்பி சுற்றி வளைத்தார். எலும்பு முறிந்து கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருந்தது, பாவம் அது என்ன தப்புங்க பண்ணுச்சு என்று கேட்டேன். பால்கனி நிழல்ல வெச்சுட்டு சும்மா விட்டாத் தானாத் துளிர்க்கும், யாரும் கையை வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் கணக்கு நோட்டில் வீண்செலவு என்ற தலைப்பில் எழுதி வைத்தேன்.

இருந்த இலையும் உதிர்ந்தது. செத்ததை மறைக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கீழ் வீட்டு டைலர்தான், பட்டையை நகத்தால லேசாச் சுரண்டுங்கக்கா, உள்ள பச்சையா இருந்தா உசுரு இருக்கு என்றார். அப்பா குளிக்கும்போது சுரண்டினேன், பச்சை. மறுநாள் நேற்று இருந்த உயிர் இன்று இருக்கிறதா என்று ஒரு எண்ணம், கொஞ்சம் தள்ளிச் சுரண்டினேன். இப்படியே போனது. ஒரு நாள் பார்த்தால் நான் போடாத கீறல்கள் அந்தப் பக்கம். அணிலோ என்று நினைத்தேன், பிறகு டைலர் மேல் சந்தேகம் வந்தது, அவருக்குச் சுண்டுவிரல் நகம் நீளம். கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உன் அப்பா சுரண்டிக்கொண்டிருக்கிறார். கையை வைக்கக் கூடாதுன்னு சொன்ன மகராசன் யாரு என்று கேட்டேன். இந்தப் பக்கம் உரிச்ச மகராசி யாரு என்று அவர் கேட்டார். சீவிய பென்சில் மாதிரி நின்றது செடி, நாங்கள் சும்மா விட்டிருந்தால் அது இதற்குள் துளிர்த்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்க்காமல், பொண்ணுக்குச் சாயங்காலம் சாயங்காலம் நானும் போன் பண்றேன் என்றார். எனக்குத் தெரியவே தெரியாது. காலையில் நான், மாலையில் அவர், ஒரே கேள்வி, அதே பதில். மஞ்சள் சுவரை அவரும் பார்த்திருக்கிறார். நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது பால்கனிச் சாவி டைலரிடம் இருக்கிறது, அப்பாவை நான் நம்பவில்லை, என்னை அப்பா நம்பவில்லை. தண்ணீர் ஊற்ற மட்டும் சாவியை வாங்கி இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். நேற்று கம்பிக்குக் கீழே பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தது. துளிராக இருக்கலாம், பாசியாகவும் இருக்கலாம். அப்பா விரலை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். என் இன்னொரு கையை அவர் பிடித்துக்கொண்டார். அப்படியே பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம். கணக்கு நோட்டில் வீண்செலவு என்று எழுதியதை நான் இன்னும் அடிக்கவில்லை.

இனி நாங்களாகக் கூப்பிட மாட்டோம் கண்ணு, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நீ கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, படுக்கும் முன் ஒரு நிமிஷம் கடவுளை நினை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, எது நடந்திருந்தாலும் இது உன் வீடு. மஞ்சள் சுவர் உன் முகத்துக்கு நன்றாகத்தான் இருந்தது, யார் வீட்டுச் சுவர் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா