ஒரு நூல் இறங்கிய சாயம்

என் ஆசை அக்காவுக்கு,

நேற்று உனக்கு முப்பதாம் நாள் பூசை. கோயிலில் பங்குச் சாமியார் உன் பெயரை வாசித்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ வேலை பார்த்த கல்லூரியை விடுமுறைக்குப் பூட்டுவார்கள் என்று நம் வீட்டு ஜன்னலில் நான்கு கண்ணாடிக் குழாய்களை நிறுத்தினாயே. உள்ளே கடல்பாசி காய்ச்சி உறையவைத்த ஜெல்லி, மேலே சாயம்; எது எவ்வளவு வேகமாய் இறங்குகிறது என்று பார்க்க. சின்ன மூலக்கூறுச் சாயம் இரண்டே நாளில் கீழே வந்துவிட்டது. சாயம் ஏற்றிய நீளச் சங்கிலி மூலக்கூறு மட்டும் அசையவே இல்லை.

"ஒன் சாயம் தூங்குதுக்கா" என்று கேலி செய்தேன்.

"ஏளா, குமிஞ்சு கெடக்க வலைக்குள்ள சிக்குன கயித்தப் பக்கவாட்டுல இழுத்துப் பாரு, வருதான்னு. தலைப்பப் பிடிச்சு இழுத்தாத்தான் நெளிஞ்சு நெளிஞ்சு வரும். இதுவும் அப்படித்தான். நீளம் ரெண்டு மடங்கானா, நேரம் பல மடங்காகும்."

"நீ பார்த்து முடிக்கதுக்குள்ள நாம கிழவியாயிருவோம்" என்றேன். சிரித்தாய். இப்போது கிழவியாகப் போவது நான் மட்டும்தானே அக்கா?

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் வீடு கழுவினோம். அம்மா கொதிநீரோடு ஜன்னலருகே நின்றாள். "ஏளா, இந்தக் கடப்பாசி கெட்டுப்போச்சா?"

"ஊத்திருங்கம்மா. அதுல ஒண்ணுமே நடக்கல."

சூடு பட்டதும் எல்லாம் இளகி அங்கணத்துச் சாக்கடையில் ஓடிவிட்டது.

மறுநாள்தான் உன் நோட்டைத் திறந்தேன். 'பன்னிரண்டாம் நாள். நீளமானது ஒரு நூல் அளவு இறங்கியிருக்கிறது.' அதற்குக் கீழே, காமாலைக் காய்ச்சலில் நடுங்கிய கையெழுத்து: 'ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மீதியைத் தங்கச்சி பார்த்துக்கொள்வாள்.'

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது! பாவி நான். ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கக் கூடாதா? ஏன் என்னிடம் வாய்விட்டுச் சொல்லாமல் போனாய்?

உன்னோடு வேலை பார்த்த டீச்சர் மிச்சமிருந்த சாயத்தைத் தந்தார். நானே பாசி காய்ச்சிப் புதுக் குழாய்கள் வைத்திருக்கிறேன். பத்து நாளாகிறது. புதுத் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதாம், நீ பார்க்க ஆசைப்பட்டாயே, இந்தக் குழாய்களை விட்டுவிட்டு நான் இன்னும் போகவில்லை.

இன்று காலை அம்மா ஜன்னலருகே வந்து நின்றாள். "எறங்குச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நான்தானளா ஊத்துனேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நீ என்னை நம்பி விட்டுப்போனதை நான் குனிந்துகூடப் பார்க்காமல்தான் ஊற்றச் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கடிதத்தை முடித்ததும் அவளிடம் போய்ச் சொல்லிவிடுவேன் அக்கா. பிறகு இரண்டு பேருமாகக் குனிந்து பார்ப்போம், சாயம் அசையாத நாளிலும்.

நீ நம்பி விட்டுப்போன தங்கச்சி,
பிலோமி