படத்தில் இல்லாத மரியா

என் பிரிய அண்ணி,

பாப்பா தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறதா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். இன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போனபின் வந்த முதல் பொங்கல் இது. இங்கே சுகர் லேண்டில் நம் தமிழ்ச் சங்கத்தார் உங்கள் நினைவாகப் படக்கண்காட்சி வைத்தார்கள். துள்ளும் காளைமேல் வீரன் தாக்குப்பிடிக்கும் எட்டு நொடியை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அவன் நாளின் மீதியை யார் எடுப்பது என்று, காளைச் சவாரி நடக்கும் ரோடியோ மைதானங்களின் பின்பக்கமே கேமராவோடு சுற்றினீர்களே! டிரெய்லர் வண்டி வீட்டு வாசலில் துணி காயப்போடும் கௌபாய், நின்றுகொண்டே சாப்பிடும் கௌபாய். எனக்குப் பிடித்தது ட்ராவிஸ் படம். காளையிலிருந்து விழுந்து விரல்கள் உடைந்த மறுநாள், இடுப்பில் குழந்தையோடு மனைவி மரியா அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுகிறாள்.

சங்கத்துக்குப் படங்களை அனுப்பியது நான்தான். பாப்பாவுக்குக் காய்ச்சல், அந்த அவசரத்தில் மொத்தமாக அனுப்பிவிட்டேன். எதையும் மாற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா?

அரங்கில் ட்ராவிஸ் சுவர் உயரத்துக்கு நின்றான். மரியா இல்லை. குழந்தை இல்லை. பின்னால் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டிய காங்கேயம் காளை! மேலே ‘வீரம்’ என்று பெரிய எழுத்து. கண்காட்சி வைத்த சங்கத்துப் பெரியவரிடம் போனேன்.

"அங்கிள், என்ன இது?"

"ஜல்லிக்கட்டுதான் தீம், அம்மா. பட்டன் போடற போட்டோல என்ன கெத்து இருக்கு?"

"அந்தப் பொண்ணு எங்க?"

"க்ராப் பண்ணிட்டோம். இடம் பத்தல."

காளைக்கு மட்டும் இடம் பத்தியதா அண்ணி?

அந்தப் பொண்ணு என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான்தான் ஆசையாக அழைத்திருந்தேன். மரியாவுக்குத் தமிழ் தெரியாது, படம் தெரியுமே. சட்டையின் ஓரத்தில், வெட்ட மறந்த இரண்டு விரல் நுனிகள் பட்டனைப் பிடித்திருந்தன. மரியா தன் மகளைத் தூக்கி, அந்த விரல்களைக் காட்டி, "அது அம்மா" என்றாள் ஆங்கிலத்தில்.

அவனை மறுபடி காளைமேல் ஏற்றிவிட்ட கை அது. அதை வெட்டி எறிந்துவிட்டு எதை வீரம் என்கிறார்கள்?

யாரிடமும் கொடுக்காத என் பாப்பாவை மரியாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் ஏறினேன். படத்தைக் கழற்றினேன்.

"சீன் போடாதம்மா, இறங்கு. சாப்பாடு ரெடி."

"நீங்க போய் சாப்பிடுங்க அங்கிள்."

வரும் சனிக்கிழமை முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு அவர்கள் டிரெய்லரிலேயே மாட்டிவிட்டு வருகிறேன். இனி உங்கள் படங்களின் ஓரத்தில் யாரும் கைவைக்க முடியாது. அங்கே நான் நிற்பேன்.

இடுப்பில் பாப்பாவோடு,
உங்கள் நாத்தனார்
கவிதா