உங்கப்பா போணி பண்ணிய கடைகள்

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
ஆகஸ்ட் மாதம், மழை விடாத வியாழக்கிழமை

அன்புள்ள மகள் ஜூலியட்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகப்பிள்ளை ஆக்னலும் பேரன் ஜேசனும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், உங்கப்பாவும் வயிற்றைத் தவிர மற்ற இடங்களில் சுகம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்ததுமே உங்கப்பா போனைப் பிடுங்கி அங்கே எத்தனை டிகிரி என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார், மிச்சத்தை மழையில் டவர் விழுங்கிவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. போன தடவை பார்சலில் வைத்த பூம்பாறைப் பூண்டை உங்கள் ஏர்போர்ட்டில் கள்ளக்கடத்தல் மாதிரிப் பிடித்துக் குப்பையில் போட்டார்கள் என்றாயே, இதையும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன். தாளில் வாசனை அடித்தால் நான் பொறுப்பில்லை, பூண்டு உரித்த கையோடுதான் எழுதுகிறேன்.

எல்லாம் நீ ஈஸ்டருக்குப் பேசியதில் ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஆக்னலின் அப்பா அம்மாவையும் தூத்துக்குடியிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறோம், நம் வீடு பத்தாது, லாட்ஜில் தங்கிக்கொள்கிறோம், காலை டிபனுக்கு நல்ல கடை எது என்று அப்பாவைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள் என்றாய். நீ சொன்ன காரணம் எல்லாம் சரிதான். நமக்கு இருப்பது ஒரு பாத்ரூம், அதிலும் ஹீட்டர் கிடையாது, சம்பந்திக்கு முழங்கால் வலி, போன முறை மருமகப்பிள்ளை அடுப்படி வாசல் நிலையில் போகும்போதும் தலையை இடித்துக்கொண்டார், வரும்போதும் இடித்துக்கொண்டார். நானும் சரிம்மா என்றுதான் சொன்னேன். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பு இல்லை என்று உங்கப்பா சொன்னார், அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். நீ எங்கே படுத்தாலும் எனக்குக் கவலையில்லை ஜூலி, பெற்ற பிள்ளை உள்ளூருக்கு வந்து காலைச் சாப்பாட்டைக் கடையில் சாப்பிடுவதுதான் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

உங்கப்பாவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. மகள் ஒரு வேலை கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட லேபில் குடுவை கழுவி ரிட்டயர் ஆன மனுஷர் இல்லையா, ஞாபகத்துக்கு வைத்திருந்த லிட்மஸ் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, சீசன் கூட்டம் ஓய்ந்த ஜூனில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். கூட்டம் இல்லாத நாளில்தான் ஒரு கடையின் உண்மையான ருசி தெரியுமாம். இந்த மழை மாதங்களில் இங்கே எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், பனியும் மழையும் சேர்ந்து எதிரில் வருவது ஆளா மரமா என்று தெரியாது, கடைக்காரர்கள் ஒருவர் கடையில் ஒருவர் டீ குடித்துப் பொழுதை ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் இவர் போய் உட்கார்ந்து சாம்பாரில் லிட்மஸ் தாளை நனைத்து, நீலம் சிவப்பாகிவிட்டது பார் என்றாராம். புளி ஊற்றிய சாம்பாரில் அது சிவக்காமல் வேறு என்ன செய்யும் என்று நான் கேட்டதற்கு, அதைத்தான் நானும் நிரூபித்தேன் என்கிறார்.

முதல் நாள் போனது மூஞ்சிக்கல் பஜாரில் சேக் பரீது கடைக்கு. அவருடைய வீட்டுக்காரி ரபியா காலையில் ஆப்பமும் பாயாவும் போடுவாள், உனக்கு நினைவிருக்கும். விடிந்ததும் முதல் ஆளாக உங்கப்பா ஒரு ஆப்பம் சாப்பிட்டுவிட்டுக் காசைக் கையில் கொடுத்திருக்கிறார், அதுதான் அன்றைய போணி. அவர் கை கழுவித் திரும்புவதற்குள் ரோட்டில் ஒரு மரம் சாய்ந்து, மேலே போன டூரிஸ்ட் பஸ் அங்கேயே நின்று, பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் குளிர் தாங்காமல் சேக் பரீது கடைக்குள் புகுந்துவிட்டார்கள். மதியத்துக்குள் கடையில் சுண்டிய பால்கூட மிச்சமில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்டாயுதபாணி மெஸ்ஸில் இவர் பொங்கல் சாப்பிட்டார், வாசலிலேயே ஒரு கல்யாண வேன் பஞ்சர் ஆனது. அதற்கு அடுத்த நாள் நம் தெருமுனையில் பணியாரம் சுடுகிற மணிமேகலையிடம் வாங்கித் தின்றார், கரண்டு ஆபீசிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் கம்பம் நட வந்து இறங்கினார்கள். அவ்வளவுதான், இருதயசாமி சாருக்குக் கைராசி என்று ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. என்னைக் கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து இந்த மனுஷர் சீட்டுக் குலுக்கலில் ஒரு சோப்புப் பெட்டிகூட ஜெயித்ததில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டுமே. விடியும் முன்பே சேக் பரீதின் மகன் ரஷாத் ஆட்டோவோடு நிற்பான், இந்தப் பக்கம் மெஸ்காரர் தண்டாயுதபாணி டார்ச் லைட்டோடு நிற்பார். இவர் வந்து கை வைக்காமல் யாரும் யாவாரத்தைத் தொடங்குவதில்லை. தேனிலவுக்கு வந்த கரூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் மெஸ்ஸில் உட்கார்ந்து பல் கடகடக்க நடுங்கிக்கொண்டிருக்க, கண் எதிரே பொங்கல் ஆவி பறக்க, அவர்களுக்கு வெந்நீரை மட்டும் வைத்துவிட்டு, ஒரு ஆள் வரணும், பொறுங்க என்று சொல்லியிருக்கிறார் தண்டாயுதபாணி. உங்கப்பா உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் எழுந்து கும்பிட்டாளாம். சும்மா கொடுத்தால் போணி ஆகாது என்பதால் எல்லா இடத்திலும் காசு கொடுத்தே சாப்பிட வேண்டும், பாதியில் எழுந்தாலும் ராசி போய்விடுமாம். டாக்டர் சர்க்கரைக்குக் காலையில் நடக்கச் சொன்னார், நான் கடை கடையாக நடக்கத்தானே செய்கிறேன் என்று என்னிடமே வாதாடுகிறார். நான் வழிமறித்துச் சண்டை போட்ட பிறகு கடைக்காரர்கள் கூடிப் பேசி, இவருக்கென்று கட்டை விரல் அளவில் தனி இட்லி, தனி ஆப்பம் சுட ஏற்பாடு செய்தார்கள். மணிமேகலை பணியாரத்தை அதற்கு மேல் சின்னதாக்க வழியில்லாமல் அழுதே விட்டாள்.

ஒரு நாள் ராசி பொய்த்தது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். உங்கப்பா போணி பண்ணிவிட்டுப் போன பிறகு மெஸ்ஸுக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை, கடைசியில் வந்தது ஒரு காட்டுமாடு. பனிக்குள்ளிருந்து நிதானமாக நடந்து வந்து, தலையை உள்ளே நீட்டி, கட்டு வாழையிலையையும் கூடையிலிருந்த முட்டைக்கோசையும் தின்றுவிட்டு, கல்லாப்பெட்டியில் மூச்சுவிட்டுப் போயிருக்கிறது. தண்டாயுதபாணி மேசைக்கு அடியில் இருந்தபடியே அதைப் போனில் படம் எடுத்துப் போட்டார். சனி ஞாயிறில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஆட்கள் காரில் வந்து, மாடு சாப்பிட்ட மெஸ் இதுதானா என்று கேட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். அவ்வளவும் உங்கப்பா கைராசி என்று மாட்டுக்குச் சேர வேண்டிய பெயரையும் இவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கு மேலே புதிதாக லாட்ஜ் கட்டிய சிவமுருகன் போன வாரம் வேட்டி சட்டையோடு வந்து, மழைக்காலம் முழுக்க ஒரு ரூம்கூடப் போகவில்லை, சார் ஒரு தடவை எங்கள் டைனிங் ஹாலில் கை நனைக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். இவரும் போய் வெள்ளைத் துணி விரித்த மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு டோஸ்டும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டு வந்தார். நேற்று சாயங்காலம் சிவமுருகன் ஒரு பெட்டி சாக்லேட்டோடு ஓடி வந்தார். சார் வந்துபோன மறுநாளே கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முதல் புக்கிங் விழுந்துவிட்டதாம், அதுவும் நியூசிலாந்திலிருந்து, காலை டிபனோடு சேர்த்து. உங்கப்பாவுக்கு ஒரே பெருமை, பார்த்தாயா கித்தேரி, கடல் தாண்டி வேலை செய்கிறது என்றார். பெயர் என்ன என்று நான்தான் கேட்டேன். சிவமுருகன் போனைப் பார்த்து உன் பெயரைப் படித்தார்.

உங்கப்பா சிரித்த வாய் அப்படியே நின்றது. சிவமுருகன் போனதும் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என் கைராசியில் என் பிள்ளையையே வெளியே அனுப்பிவிட்டேனே என்று சொல்லவில்லை, ஆனால் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் என்ன, டிபனோடு சேர்த்து என்று சிவமுருகன் சொன்னது உறைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சாக்லேட்டை வாயில் போட்டு அடக்கிக்கொண்டேன்.

இன்றைக்குக் காலையில் அவர் எங்கேயும் கிளம்பவில்லை. எழுந்து வந்து அடுப்படியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தோசை இருந்தால் ஊற்று என்றார். இந்த இரண்டு மாதத்தில் காலையில் அந்தப் பலகையில் அவர் உட்காரவே இல்லை. வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது, கொஞ்ச நேரத்தில் தண்டாயுதபாணி வந்தார், மணிமேகலை குடையோடு வந்தாள், பின்னாலேயே சேக் பரீதும் வந்துவிட்டார். நேரமாகிறது, கடையெல்லாம் போணி ஆகாமல் கெடக்கு என்று எல்லோரும் ஒரே சத்தம். மகளுக்குக் கடை தேடித்தான் இந்தச் சோலியை ஆரம்பித்தேன், இனிமேல் வேண்டாம் என்று உங்கப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். அவர் எதற்காகக் கிளம்பினார் என்பதே அவர்களுக்கு அதுவரை தெரியாது. சேக் பரீது அடுப்படி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். “பிள்ளைக்கா கடை தேடுனீங்க? அக்கா அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான இருக்கு சார்?” என்று கேட்டார். அப்புறம் அவரே மற்றவர்களை, வாங்க, இன்னைக்கு நம்ம ராசிய நாமளே பாத்துக்குவோம் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தோசையும் பூண்டுச் சட்னியும்தான். லிட்மஸ் தாளை எடுக்கவில்லை, தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என்னங்க இது, எனக்கா கைராசி காட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “உன் கடைக்கும் போணி பண்ணிட்டேன் கித்தேரி. வருவா பாரு” என்றார். மரத்தைச் சாய்த்தது, மாட்டைக் கூட்டி வந்தது எதையும் நான் நம்பியதில்லை ஜூலி. இதை நம்பாமல் இருக்க முடியவில்லை, நாணயத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அவர் இப்போது அடுப்படி நிலையில் பழைய தலையணையை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார், மருமகப்பிள்ளை தலைக்காக.

ரூமை ரத்து செய்ய வேண்டாம், சிவமுருகன் பாவம், சம்பந்திக்கும் வெந்நீர் வேண்டும். படுப்பது அங்கே படுங்கள். டிபனை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடு. சம்பந்தியம்மாவுக்குக் காரம் எவ்வளவு, ஜேசன் இப்போது இட்லி சாப்பிடுகிறானா, இதை எழுது. காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, ஜெபமாலையைப் பையிலேயே வைத்துக்கொள். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. உங்கப்பாவின் ஆசீரும் இதில் சேர்த்தி.

மறக்காதே. போணி ஆகிவிட்டது, அடுத்த ஆள் இன்னும் வரவில்லை.

அன்புடன் உன் அம்மா,
கித்தேரியம்மாள் இருதயசாமி