சிக்காகோ பாண்டோடு ஐந்து நாள்

12 ஜூன், வியாழன். வென்ட்வேர்த்வில்.

காலையிலேயே மழை. உடுப்பு ஒன்றும் காயவில்லை. திங்கள் வரைக்கும் லீவு சரிவந்துவிட்டது.

சிக்காகோ புளூஸ் பாண்டின் பேஸ் கிற்றார்காரருக்கு விசா கிடைக்கவில்லையாம். என்னோடு பப்பில் வாசிக்கிற டிரம்ஸ்காரன் என் நம்பரைக் கொடுத்திருக்கிறான். சிட்னியில் இன்றும் நாளையும் இரண்டு ஷோ, ஞாயிறு மெல்பர்னில் ஒன்று. கல்யாண மண்டபங்களில் வாசித்துத் திரிந்தவனுக்கு லொத்தர்ச் சீட்டு விழுந்த மாதிரி.

சொல்ல ஆளில்லை. பக்கத்து யூனிட் அன்ரியிடம் சொன்னேன். சாப்பாடு தருவார்களோ என்று கேட்டார்.

வாங்க: கிற்றார்க் கம்பி ஒரு செற், கறுப்புச் சேர்ட், தலையிடிக் குளிசை.

13, வெள்ளி.

நேற்றைய ஷோ பிழையில்லை. ஒரே குறை: கடைசிப் பாட்டில் வேகம் கூட்டிவிட்டேன். எங்கள் கல்யாண வீடுகளில் சனம் ஆட எழும்பினால் அப்படித்தான். கிளைட் திரும்பிப் பார்த்த பார்வை! பிறகு, எங்கே போக அவசரம் என்று மட்டும் கேட்டார்.

கிளைட்தான் பாண்டின் தலைவர், பாட்டும் கிற்றாரும். எழுபது தாண்டியவர். ஒரு பாரின் மூலையில் ஆறு பேராய்த் தொடங்கினார்களாம். முதல் இசைத்தட்டு ஓடியது, இரண்டாவது படுத்துவிட்டது. பிறகு யாரும் சீந்தவில்லை, இவர் பஸ் ஓட்டினார். ஐரோப்பாவில் யாரோ பழைய தட்டைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் மறுபடி எழும்பினார்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஒருவர் இப்போது சேர்ச்சில் பாஸ்ரர். ஒருவருக்கு விரல் மடங்காது. ஒருவரோடு பேச்சில்லை. மிச்சம் கிளைட்.

துளசிக்கு மெசேஜ் போட்டேன். ஞாயிறு அப்பா மெல்பர்னில் வாசிக்கிறேன், வா என்று. மகளைப் பார்த்து இரண்டு வருடம். தாயோடு அங்கே கிரான்பர்னில் இருக்கிறாள். யூனியில் முதல் வருடம்.

14, சனி.

நாள் முழுக்க பாண்டின் வான் வண்டியில், மெல்பர்னுக்கு. இடுப்பு நோகிறது.

துளசியிடமிருந்து "ஓகே" என்று பதில் வந்தது. ஒரே ஒரு சொல். பத்துத் தரமாவது பார்த்திருப்பேன்.

டிக்கெட் எல்லாம் முடிந்துவிட்டது. மனேஜர் டெனிஸிடம் சொல்லி, மகளுக்கு வாசல் லிஸ்ற்றில் பெயர் போட்டாயிற்று.

சாப்பாடு: சிப்ஸ், மறுபடி சிப்ஸ்.

15, ஞாயிறு. மெல்பர்ன்.

மூன்று மணிக்கு ஷோ. மழை, குளிர்காற்று. வாசல் போஸ்ரரில் இன்னும் விசா கிடைக்காத மனிதரின் படம்தான்.

நன்றாக வாசித்தேன். இதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை. கறுத்த முடி தெரிந்த இடமெல்லாம் தேடினேன். துளசி வரவில்லை.

கதிரைகளை அடுக்கும்வரை நின்றேன். கிளைட் தன் சாண்ட்விச்சில் பாதியைத் தந்தார். அவமானமாய் இருந்தது. கோபமும். "வர விருப்பமில்லையெண்டால் முதலே சொல்லியிருக்கலாம்" என்று அனுப்பிவிட்டேன்.

16, திங்கள். திரும்பும் வழி.

ஆல்பரிக்குக் கிட்ட வரும்போது துளசியின் தாய் போன். எடுத்தவுடன் ஏச்சு.

"பிள்ளை மழைக்குள்ள நிண்டு திரும்பி வந்தது. லிஸ்ற்றில அப்பிடி ஒரு ஆளில்லையாம். வரச் சொல்லிப்போட்டு ஏன் அவமானப்படுத்தினனீங்கள்?"

தாயைப் போனில் வைத்துக்கொண்டே டெனிஸிடம் லிஸ்ற்றைக் கேட்டேன். தன் போனில் காட்டினான். துளசி கந்தவனம்.

சனிக்கிழமை வானில் கேட்டான், மகளுக்கும் உன் குடும்பப் பெயர்தானே என்று. யெஸ் என்றேன். வங்கி, பள்ளிக்கூடம், விமானநிலையம் என்று எல்லா இடமும் விளக்கி அலுத்துப்போன கதை: எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான். கந்தவனம் என் அப்பா. அவள் துளசி ரமணன். ரமணன் நான்.

அப்பா பேஸ் வாசிக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறாள். வாசல்காரன் போஸ்ரரில் இருந்த மற்ற ஆளைக் காட்டினானாம்.

எனக்குப் போன் எடுத்திருக்கலாமே என்று தாயிடம் கேட்டேன்.

"எடுக்கச் சொன்னனான். வேண்டாம், வாசிச்சுக்கொண்டிருப்பார், குழப்பக்கூடாது எண்டவள். வாசல்ல நிண்டு உங்கட பேரைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவளாம்."



கிளைட்டிடம் சொன்னேன். வானை நிறுத்தச் சொன்னார். நான் இறங்கிவிட்டேன், என் பேஸ் கிற்றார் அவர்களோடு சிட்னிக்குப் போகிறது.

ஆல்பரி ஸ்ரேசன். கை விறைக்கிறது. மெல்பர்னுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நேற்றைய மெசேஜை அழித்தேன். என்ன பிரயோசனம், நேற்றே வாசித்துவிட்டாள். பிழை என்னுடையது, வந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதினேன்.

உடனே பதில். தமிழில். அவள் எனக்குத் தமிழில் எழுதியதே இல்லை.

"எதுக்கு?"

எழுதுகிறேன், அழிக்கிறேன். ரயில் வந்துவிட்டது.