மெல்லிய ஷூவும் ராத்தாவின் காலும்

ஜூலை 12, சனி

ஷூ வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம். அடிப்பாகம் தோசைக் கனம். சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஆபீஸில் அனுப்ரியா இதைப் போட்டுக்கொண்டுதான் ஒரு வருஷமாகக் காட்டுப் பாதையில் ஓடுகிறாள். முட்டிவலி போன இடம் தெரியவில்லையாம். எனக்கும் அந்த ஆசைதான்.

“மொதல்ல கொஞ்ச தூரம் நடங்க லா, ஓடிராதீங்க. கெண்டைக்கால் செத்துரும்,” என்றாள். பார்ப்போம்.

ஜூலை 14, திங்கள்

கெண்டைக்கால் செத்துவிட்டது. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கினேன், நண்டு மாதிரி.

ஜூலை 26, சனி

இன்று செஸ்ட்நட் பூங்கா. புக்கிட் பாஞ்சாங்கில் இத்தனை வருஷம் குடியிருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்ணை இன்றுதான் காலால் தெரிந்துகொண்டேன். வேர் எது, ஈரம் எது, சருகுக்கு அடியில் என்ன என்று பாதமே சொல்லிவிடுகிறது. குதிகாலால் தரையை இடித்து இடித்தே இவ்வளவு காலம் நடந்திருக்கிறேன் என்பதும் புரிந்தது. மண் பாதை சொர்க்கம். சரளைக்கல் வந்தால் மட்டும் அடிக்கு ஒரு ‘ஆ’.

முட்டி வலிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சாயங்காலம் பிடோக்கில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு ‘ராத்தா, ராத்தா’ என்று பீற்றிக்கொண்டேன். “எனக்கும் ஒண்ணு வாங்கு, நானும் வரேன்,” என்றாள். மச்சான் மௌத்தாகி அடக்கமான நாளிலிருந்து வேலை, வீடு தவிர எங்கேயும் வராதவள். அவள் மனசு மாறுவதற்குள் ஆர்டர் செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

ராத்தா வந்தாள். கொஞ்சமாக நட, கல்லைப் பார்த்துக் கால் வை என்று அனுப்ரியா சொன்னதையெல்லாம் பெரிய மனுஷி மாதிரி ஒப்பித்தேன். உம்மு சல்மா ராத்தா யாருடைய பேச்சைக் கேட்டிருக்கிறாள்? சரளைக்கல் பாதையில் கம்பளத்தில் நடப்பதுபோல் நடந்து போய்விட்டாள். நான் பின்னால் ‘ஆ, ஊ’ என்று குதித்துக்கொண்டு.

“என்னடி நடிப்பு? கல்லுதானே.”

“ராத்தா, ஒனக்குக் குத்தலையா?”

“சொகமா இருக்கு. ஒனக்குப் பூஞ்சை ஒடம்பு.”

பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்? நீச்சலும் அவளுக்குத்தான் முதலில் வந்தது. கார் லைசென்ஸ் ஒரே தடவையில். நான் மூன்று வாரம் காலை ஒடித்துக்கொண்டு பழகியதை இவள் ஒரே நாளில் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்றும் அவள் முன்னால், நான் பின்னால். ஆனால் திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று இப்படித் தூங்கி. பாதி வழியில் இறங்கித் திரும்ப நினைத்திருந்தவள், பிடோக் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி



நடை முடிந்து லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். டன்லப் ஸ்ட்ரீட் பள்ளிவாசலில் மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிடலாம் என்று. பெண்கள் பக்கம், தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு எடுக்க உட்கார்ந்தோம். ராத்தா பக்கத்துக் குழாயில். மகன் இல்ஹாமுக்குப் பெண் பார்ப்பது பற்றி என்னவோ சொல்லிக்கொண்டே காலைக் கழுவினாள். என் காலடியில் ஓடிவந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது.

என் கால்தான் என்று நினைத்தேன். தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு அவள் காலைப் பார்த்தேன்.

பெருவிரலுக்குக் கீழே... வேண்டாம், எழுத முடியல. அவ்வளவு ஆழம். அவ பேசிக்கிட்டே இருக்கா. பொண்ணு வீடு குவீன்ஸ்டவுனாம்.

“ராத்தா, காலு.”

குனிந்து பார்த்தாள். “இது எப்ப ஆச்சு?” யாருடைய காலையோ கேட்பது போலக் கேட்டாள்.

வாசலில் அவள் ஷூவைக் கவிழ்த்தேன். ஒரு கல் விழுந்தது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். காலையிலிருந்து அதன்மேலேயே நடந்திருக்கிறாள். எனக்கு ஒரு மணல் உள்ளே போனால் போதும், நின்றுவிடுவேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வார்டில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி நைலான் நரம்பு ஒன்றால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டார். தெரிந்தால் சொல்லச் சொன்னார். ராத்தா அடுத்த தொடுதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் தொட்டு முடித்திருந்தார்.

சுகர். “கண்ட்ரோல்லதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்த சுகர். கொஞ்ச நாளாகக் கால் மதமதவென்று இருந்ததாம், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாளாம். ஐம்பத்தொன்று ஒரு வயசா? புண்ணும் நேற்றையது இல்லை, அடியில் முன்பே இருந்திருக்கிறது, சீழ் வைத்துவிட்டது. விரலை எடுக்க வேண்டி வரலாம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை கழுவுகிற கால்.

மரத்துப்போன காலைப் பார்த்தா நான் பொறாமைப்பட்டேன்? அந்த ஷூவை நான்தானே வாங்கிக் கொடுத்தேன்?

டாக்டரிடம் கேட்டே விட்டேன். இந்த மாதிரிக் காலுக்கு இந்த ஷூ கூடவே கூடாது என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் ஒரு வாரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் விரலோடு போயிருக்காது என்றும் சொன்னார். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

சுத்தம் செய்து கட்டியிருக்கிறார்கள். விரல் இப்போதைக்கு இருக்கிறது. இந்த ‘இப்போதைக்கு’க்கே அல்லாஹ்வுக்கு ஆயிரம் ஷுக்ர்.

கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போர்வையை விலக்கினேன். சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள். “விடு. நீ தங்கச்சி, நர்ஸ் இல்ல.”

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்த்தே ஆக வேண்டும், சின்னச் சிவப்பு தெரிந்தாலும் வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். அவளால் குனிந்து அடிப்பாதத்தைப் பார்க்க முடியவில்லை. இல்ஹாமிடம் காட்ட மாட்டாளாம். “பெத்த புள்ள மொகத்துல காலக் காட்டுறதா?” நான் வருகிறேன் என்றால், தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கா, வேண்டாம் என்கிறாள். ஆயுசுக்கும் பிறருக்குச் செய்தே பழகிவிட்டவள்.

கத்திவிட்டேன். “அப்ப வெரல் போனாலும் பரவால்லையா? போவட்டும். ஒன் இஷ்டம்.”

எழுந்து தடியை ஊன்றி அறைக்குள் போய்விட்டாள். நானும் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் வீடியோ கால். எடுத்தால் திரை முழுக்க என்னவோ மங்கலாக, மஞ்சளாக. சுவர் என்று நினைத்தேன். ராத்தாவின் உள்ளங்கால்.

சலாம் இல்லை, ஒன்றும் இல்லை. “பாத்தியா?”

“கொஞ்சம் இடது பக்கம் காட்டு. சரி. கட்டு சுத்தமா இருக்கு.”

“சரி வை.”

பல் விளக்கிக்கொண்டே அழுதேன்.

அக்டோபர் 11, சனி

புண் மூடிவிட்டது. விரல் விரலாகவே இருக்கிறது. யா அல்லாஹ், உனக்கே புகழ் எல்லாம்.

கிளினிக்கில் அவளுக்கென்று அளவெடுத்து ஷூ கொடுத்திருக்கிறார்கள். கனமாக, அகலமாக, இரண்டு படகு. “இதுல ஏறிக் கடல் தாண்டி பத்தாம் தீவுக்கே போலாம்டி,” என்கிறாள். பிடோக் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் மெதுவாக ஒரு நடை. பாதையில் சரளை வந்தது. என் மெல்லிய ஷூவில் வழக்கம்போல ‘ஆ’ என்றேன். முன்பெல்லாம் அந்த வலிமேல் எரிச்சல் வரும். இன்று ஒவ்வொரு கல்லுக்கும் நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அதிகாலையில் செஸ்ட்நட்டில் ஓடினேன். இரவு பெய்த மழையில் பாதை முழுக்கச் சேறு. வீட்டுக்கு வந்து வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அன்றாட வீடியோ கால்.

“எங்க போய்த் தொலைஞ்ச? எவ்வளவு நேரம் காலத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

பார்த்தேன். குதிகால், விரல் இடுக்கு, பெருவிரலுக்குக் கீழே ஆறிய வெள்ளைத் தழும்பு. எல்லாம் சுத்தம். பார்த்தாயிற்று என்றேன். அவள் போனை வைக்கவில்லை. பாதம் விலகி முகம் வந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

“இப்ப ஒன் காலக் காட்டு.”

“எனக்கென்ன, எனக்குத்தான் எல்லாம் வலிக்குதே.”

“காட்டுடி.”

சேற்றோடு தூக்கிக் காட்டினேன்.

“தெரியல,” என்றாள். “கழுவிட்டுக் கிட்டக் கொண்டா.”