கால் சுற்று பின்னால்

மார்ச் 4

என் வீட்டுக்காரருக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டு இன்றோடு ஐந்து வாரம். எங்கள் இன்ஜின் பட்டறையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் வேலை பார்க்கிறார், நான் கையால் பார்க்கிறேன். தம்பி படகுக்குப் புது பம்பு வந்துவிட்டது. கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினுக்குள் அனுப்பிச் சூட்டைத் தணிக்கிற பம்பு. நாளை நான்தான் மாட்ட வேண்டும்.

"உன் தம்பி படகுதானேன்னு அலட்சியமா செய்யாத," என்கிறார். என்ன பேச்சு இது? அவன் படகில் நான் அலட்சியம் காட்டுவேனா?

மார்ச் 5

மாட்டியாயிற்று. எழுதக் கை வரவில்லை. ஆனால் இங்கேயும் மறைத்தால் வேறு எங்கே போய்ச் சொல்வேன்.

பம்பில் இரண்டு எல்போ, வளைந்த குழாய்த் துண்டுகள். தண்ணீரை உள்ளே இழுக்கும் பக்கத்து எல்போ சமர்த்தாக உட்கார்ந்தது. வெளியே தள்ளும் பக்கம்தான் படுத்திவிட்டது. மரையைத் துடைத்து, ஒழுகாமலிருக்க டேப்பை இறுகும் திசையிலேயே மூன்று சுற்றுச் சுற்றி, மேலே பசை தடவி, ஸ்பேனரால் இறுக்கினேன். நன்றாக இறுகியபோது எல்போவின் வாய் ரப்பர் ஹோஸைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. முன்னால் இன்னும் முக்கால் சுற்றுப் போக வேண்டும். அவ்வளவு இறுக்கினால் வெண்கல எல்போ பிளந்துவிடும். கழற்றி, டேப்பைச் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை.

மீனுக்கான ஐஸை ஏற்றிவிட்டுத் தம்பி மேலே நின்றுகொண்டிருந்தான். "அக்கா, ஐஸ் உருகுது."

கால் சுற்று பின்னால் திருப்பினேன். நேராக வந்துவிட்டது. மரைக்குள் டேப் நழுவி இறுக்கம் விட்டது கையிலேயே தெரிந்தது. தெரிந்தும் ஹோஸை மாட்டிக் கிளிப்பை முடுக்கினேன்.

கரையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை.

கட்டுப் போட்ட கையோடு அவரால் இறங்க முடியாது. மேலிருந்தே கேட்டார்: "பின்னால திருப்பலையே?"

"இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார்கள் — தம்பியும் இரண்டு ஆட்களும். திரும்ப ஐந்து நாள் ஆகும்.

மார்ச் 6

முழு வேகத்தில் பம்பு தள்ளும் அழுத்தமே வேறு. ஒழுகினால் தண்ணீர் படகுக்குள்தான் விழும். இன்ஜினுக்குப் போவது குறையும், சூடேறி நின்றுவிடும். காலையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் துறைமுக ரேடியோவில் பேசினான். "எல்லாம் நல்லாருக்குக்கா. மீன் மட்டும்தான் இல்ல."

"இன்ஜின்?"

"அதுக்கென்ன, ஓடுது."

பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறான்?

மார்ச் 7

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. அந்தச் சத்தம் தாங்கவில்லை. வாளிக்குள் துணியைப் போட்டு வைத்தேன்.

மார்ச் 8

காற்று மாறிவிட்டது. எல்லாப் படகையும் திரும்பச் சொல்லிவிட்டார்கள். காலையில் கூப்பிட்டும் தம்பி பதில் சொல்லவில்லை. இனிமேல் மறைக்க முடியாது என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். கால் சுத்து பின்னால திருப்பினேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து ஒரு கையால் சட்டை மாட்டப் பார்த்தார், முடியவில்லை. நான் பொத்தான் போட்டுவிட்டேன். "வா," என்றார், அவ்வளவுதான்.

ரேடியோ அறையில் நான்கு மணிக்குத்தான் அவன் கிடைத்தான். இவர் மைக்கை வாங்கி, "மச்சான், வெளிய தள்ளுற எல்போவ உடனே பாரு," என்றார்.

"புதுசா பாக்க என்ன இருக்கு மாமா. மொத நாளே ஒழுக ஆரம்பிச்சிருச்சு. துணி சுத்தி, கீழ வாளி வச்சிருக்கோம்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா அக்காவத் திட்டுவீங்க."

நான் எனக்காகப் பயந்து மறைத்தேன். அவன் எனக்காகப் பயந்து மறைத்திருக்கிறான். என்ன ஜென்மம் நான்.

"வேகம் குடுக்காத. பக்கத்துப் படகை உங்கிட்ட வரச் சொல்றேன்," என்றார் இவர். அதன் பிறகு இரைச்சல்தான் கேட்டது.

மார்ச் 9

இன்னும் காணோம்.

மார்ச் 10

பதினொரு மணிக்கு வந்தார்கள். இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. மூன்று பேரும் உயிரோடு. இன்ஜின் நேற்றே நின்றுவிட்டதாம். விடிய விடியத் தண்ணீர் இறைத்து தம்பியின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மருந்து போடும்போது, "நல்லா மாட்டுனக்கா போ," என்று சிரித்தான். எனக்கு அழுகை அடங்கவே இல்லை.

மார்ச் 27

இன்ஜின் தயார். எல்போவை இன்று மாட்டினேன். முதல் தடவை மறுபடியும் சுவரைப் பார்த்தது. கழற்றினேன். இரண்டாம் தடவை இரண்டு விரல் அகலம் தாண்டிவிட்டது. பின்னால் திருப்பினால் போதும் என்று கை தானாகப் போனது. கழற்றினேன்.

"எவ்ளோ நேரம்க்கா?"

"ஐஸ் உருகினா உருகட்டும்."

மூன்றாம் தடவை நேராக வந்து நின்றது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "மூணு தடவ போட்டேன். பின்னால திருப்பல." தலையை ஆட்டினார்.

நானும் படகில் ஏறினேன். முழு வேகத்தில் ஒரு மணி நேரம், எல்போவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நனையவில்லை.

என்னைக் கரையில் இறக்கிவிட்டுக் கிளம்பினான். பம்புக்குப் பக்கத்தில் அந்த வாளியையும் துணியையும் அப்படியே வைத்திருந்தான்.